கோட்டுக்கு முன்னால் நின்ற பையன்

இந்தப் படத்தை யாருக்குப் போட்டுக் காட்டினாலும் முடிந்ததும் ஒரே கேள்விதான் வருகிறது. "ஜெயிச்சிருக்கலாம்ல? ஜெயிச்சுட்டு அந்த ஆள் முகத்துக்கு நேரா நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" கேட்பவர்கள் மேல் தப்பில்லை. விளையாட்டை வைத்து எடுத்த படம் என்றால் கடைசி ஓட்டத்தில் ஏழைப் பையன் முந்தவேண்டும், வசதியான வீட்டுப் பையன் பின்தங்கவேண்டும், அதுவரை மதிக்காதவர்கள் எழுந்து நின்று கைதட்டவேண்டும். நமக்கு அப்படிப் பார்த்தே பழக்கம். 1962இல் இங்கிலாந்தில் டோனி ரிச்சர்ட்சன் இயக்கிய ‘தி லோன்லினஸ் ஆஃப் தி லாங் டிஸ்டன்ஸ் ரன்னர்’ அந்தத் திருப்தியைத் தருவதில்லை. எல்லோரையும் பின்னால் விட்டுவிட்டு வந்த காலின் ஸ்மித், முடிவுக் கோட்டுக்குச் சில கஜம் முன்னால் வேண்டுமென்றே நின்றுவிடுகிறான். பின்னால் வந்தவன் அவனைத் தாண்டிப் போய்க் கோப்பையை வாங்கிக்கொள்கிறான்.

முடிவைச் சொல்லிவிட்டேன். இந்தப் படத்துக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. அவன் ஏன் நின்றான் என்பதில்தான் படமே இருக்கிறது. அவன் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். பலபேர் அதை வயசுக்கோளாறு என்கிறார்கள், வீம்பு என்கிறார்கள். எனக்கு அது நன்றாகக் கணக்குப் பார்த்துச் செய்த காரியமாகத் தெரிகிறது. அந்தக் கணக்கு என்ன என்று எழுதிப் பார்க்க ரொம்ப நாளாக ஆசை.

காலின் நாட்டிங்ஹாமில் தொழிலாளி வீட்டுப் பையன். நண்பன் மைக்கோடு சேர்ந்து ஒரு பேக்கரியில் பணப்பெட்டியைத் திருடி, மாட்டிக்கொண்டு, போர்ஸ்டலுக்கு வருகிறான். போர்ஸ்டல் என்பது இளங்குற்றவாளிகளைத் திருத்துவதற்கென்று இருந்த சிறை. 1902இல் கென்ட் பகுதியில் போர்ஸ்டல் என்ற கிராமத்தில் தொடங்கியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நமக்கும் அந்தப் பெயர் புதிதில்லை. சென்னை மாகாணத்திலும் போர்ஸ்டல் பள்ளிகளுக்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். புதுக்கோட்டையில் இருப்பது இன்றும் போர்ஸ்டல் பள்ளிதான். இங்கிலாந்தில் 1982இல் சட்டம் கொண்டுவந்து அந்த முறைக்கே முடிவு கட்டினார்கள்.

போர்ஸ்டலைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு பார்த்தால் படம் இன்னும் ஆழமாகப் பிடிபடும். முதலாவது, அங்கே அனுப்பப்படும் பையனுக்கு இத்தனை மாதம் என்று நீதிபதி கணக்காகச் சொல்வதில்லை. குறைந்தது இவ்வளவு, அதிகம் போனால் இவ்வளவு என்று சட்டம் எல்லை வகுக்கும். அதற்கு நடுவே எப்போது வெளியே விடுவது என்பது, பையன் திருந்திவிட்டானா என்று உள்ளே இருப்பவர்கள் நினைப்பதைப் பொறுத்தது. ஆகவே அங்கே நல்ல பெயர் வாங்குவது என்றால் நாட்களை வாங்குவது. இரண்டாவது, 1920களில் அலெக்சாண்டர் பேட்டர்சன் என்ற சிறைத்துறை அதிகாரி இந்த நிறுவனங்களைப் பணக்காரர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் உறைவிடப் பள்ளிகளைப் பார்த்து மாற்றியமைத்தார். பையன்களைத் தனித்தனி இல்லங்களாகப் பிரித்தார்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் இல்ல ஆசிரியர் வந்தார், குழு விளையாட்டுகள் வந்தன, ‘நம் இல்லத்தின் மானம்’ என்ற பேச்சும் வந்தது. நல்லெண்ணத்தில் செய்ததுதான். மேல்தட்டுப் பிள்ளைகளை மனிதர்களாக்கிய முறை அடித்தட்டுப் பிள்ளைகளையும் ஆக்கும் என்று நம்பினார்கள்.

படத்தில் வரும் ரக்ஸ்டன் டவர்ஸ் அப்படிப்பட்ட இடம். அதன் ஆளுநராக, அதாவது அந்தச் சிறையின் தலைமை அதிகாரியாக, மைக்கேல் ரெட்கிரேவ் நடித்திருக்கிறார். இந்தப் பாத்திரத்தை வில்லனாக ஆக்காததுதான் படத்தின் முதல் நேர்மை. அவர் கத்துவதில்லை, கை ஓங்குவதில்லை. புதுப் பையன்கள் வந்ததும் வரிசையில் நிற்கவைத்து, நீங்கள் எங்களோடு ஒத்துப்போனால் நாங்களும் உங்களோடு ஒத்துப்போவோம் என்கிறார். பேச்சில் நிஜமான அக்கறை இருக்கிறது. பையன்களைத் திருத்த விளையாட்டை விட்டால் வேறு மருந்து இல்லை என்று மனதார நம்புகிறார். புதிதாக வந்திருக்கும் இல்ல ஆசிரியர் பிரவுன் மனோதத்துவம் படித்தவர். ஒரு சொல்லைச் சொல்லி, கேட்டதும் மனதில் என்ன தோன்றுகிறது என்று பையன்களைக் கேட்பவர். ஆளுநருக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஓடவிட்டால் போதும், உடம்பு களைத்தால் புத்தி தெளியும் என்பது அவர் கட்சி.

அவருக்கு ஓர் ஆசை. ரான்லி என்கிற பணக்காரப் பள்ளியோடு ஐந்து மைல் ஓட்டப் போட்டிக்கு ஏற்பாடாகியிருக்கிறது. அந்தக் கோப்பை ரக்ஸ்டன் டவர்ஸுக்கு வரவேண்டும். காலினின் கால்களைப் பார்த்ததும் கோப்பை கைக்கு எட்டிவிட்டதாக அவருக்குத் தோன்றிவிடுகிறது. ஒலிம்பிக் வரைக்கும் பேசுகிறார். காலினுக்குச் சலுகைகள் வருகின்றன. அதிகாலையில் காவலில்லாமல் வேலிக்கு வெளியே தனியாக ஓடிப் பயிற்சி எடுக்கலாம். படத்தின் மிக அழகான பகுதி அதுதான். வால்டர் லாசலியின் கேமரா அவனோடு சேர்ந்தே ஓடுகிறது. இலையுதிர்ந்த மரங்களுக்கு நடுவே வெளிச்சம் விட்டுவிட்டு வருகிறது. ஜான் ஆடிசனின் இசையில் டிரம்பெட் ஒலிக்கிறது. காலினாக நடிக்கும் டாம் கோர்ட்னி பயிற்சி பெற்ற ஓட்டக்காரரைப்போல ஓடவில்லை. கை ஒருபக்கம், தோள் ஒருபக்கம் போகிறது. கன்னம் ஒட்டிய முகம், பசியோடு வளர்ந்த உடம்பு. ஆனால் அந்த நேரத்தில் அவன் முகத்தில் வரும் சந்தோஷத்தைப் பார்க்கவேண்டும். யாருக்காகவும் ஓடாத ஓட்டம் அது. பிற்பாடு எதை இழக்கிறான், எதைக் காப்பாற்றிக்கொள்கிறான் என்பது புரிய, இந்தக் காட்சிகளை மனதில் வைத்திருக்கவேண்டும்.

இங்கே கொஞ்சம் வரலாறு சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த ஓட்டமே யாருடைய விளையாட்டு என்பது முக்கியம். காடுமேடாக ஓடும் போட்டி இங்கிலாந்தில் வளர்ந்தது ஷ்ரூஸ்பரி போன்ற மேல்தட்டுப் பள்ளிகளில். முயலும் வேட்டைநாயும் என்று பேர் வைத்து, முன்னால் ஓடுபவர்கள் காகிதத் துண்டுகளைப் போட்டுக்கொண்டே போக, மற்றவர்கள் துரத்திப் பிடிக்கும் ஆட்டம். அப்புறம் 1866இல் லண்டனில் அமெச்சூர் தடகளக் கழகம் தொடங்கியபோது, மெக்கானிக், கைவினைஞர், கூலித் தொழிலாளி யாரும் அமெச்சூர், அதாவது காசுக்காக ஆடாத விளையாட்டுக்காரர், ஆகமாட்டார் என்று விதியிலேயே எழுதிவைத்தார்கள். உடம்பால் உழைத்துப் பிழைப்பவனோடு கனவான் போட்டி போடுவது கௌரவக் குறைவாம். 1880இல் புதிய சங்கம் வந்தபிறகுதான் தடகளத்தில் அந்த விதி போனது. படகுப்போட்டிச் சங்கமோ 1937 வரைக்கும் அதைக் கைவிடவில்லை. ஆக, ஆளுநர் தன் மைதானத்தில் பணக்காரப் பையன்களையும் போர்ஸ்டல் பையன்களையும் ஒரே கோட்டில் நிறுத்துகிறார் என்றால், அவர் பார்வையில் அது பெரிய சமத்துவம். அவர் அதை அப்படித்தான் நினைத்துப் பெருமைப்படுகிறார். காலினுக்கு மட்டும் அந்தக் கோடு வேறு மாதிரி தெரிகிறது.

எப்படித் தெரிந்தது? இதற்குப் பதில் ஸ்டேசி என்ற பையனிடம் இருக்கிறது. படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஸ்டேசியை மறந்துவிடுகிறார்கள். எனக்கு அவன்தான் கதையின் அச்சாணி. காலின் வருவதற்கு முன்னால் ஆளுநரின் செல்லப்பிள்ளை ஸ்டேசி. இல்லத்தின் தலைவன், முதல் ஓட்டக்காரன், சொன்னதைச் செய்பவன். பயிற்சி ஓட்டத்தில் காலின் அவனை முந்துகிறான். அவ்வளவுதான், ஆளுநரின் கண் காலின் பக்கம் திரும்பிவிடுகிறது. ஸ்டேசி செய்த தப்பு ஒன்றுமே இல்லை. இரண்டாவதாக வந்தான், அதுதான் தப்பு. அத்தனை நாள் ஒத்துப்போனதற்கெல்லாம் மதிப்பில்லாமல் போய்விடுகிறது. அவன் தப்பி ஓடுகிறான். பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

அடுத்து வரும் காட்சியை நான் எத்தனை முறை பார்த்தாலும் கை விரல்கள் இறுகிக்கொள்கின்றன. பையன்களுக்குப் பொழுதுபோக்காக ஒரு கச்சேரி நடக்கிறது. கடைசியில் எல்லோரும் சேர்ந்து ‘ஜெருசலேம்’ பாடுகிறார்கள். வில்லியம் பிளேக் எழுதிய கவிதை, 1916இல் ஹியூபர்ட் பாரி இசையமைத்தது, இங்கிலாந்தில் ஏறக்குறைய தேசிய கீதம் மாதிரி. கறுத்த ஆலைகளுக்கு நடுவே, இந்தப் பசுமையான மண்ணில் புதிய ஜெருசலேமைக் கட்டும்வரை ஓயமாட்டேன் என்கிற பாட்டு. பணக்காரப் பள்ளிகளும் பாடும், தொழிற்கட்சிக்காரர்களும் பாடுவார்கள். நூற்றுக்கணக்கான பையன்களின் குரல் உயர உயர, இன்னொரு பக்கம் ஸ்டேசியை இழுத்துவந்து அடிப்பதைக் காட்டுகிறார் ரிச்சர்ட்சன். வசனமில்லை. பாட்டு, பையன்களின் முகங்கள், அடி. ஒரே கட்டடத்தில் ஒரே நேரத்தில் இரண்டும் நடக்கின்றன. ஆளுநர் கெட்டவர் இல்லை என்று முன்னால் சொன்னேன். அந்த நல்ல மனுஷனின் வீட்டில் நடப்பது இது.

ஸ்டேசி என்ன ஆனான் என்று காலின் பார்த்துவிட்டான். ஜெயிக்கும்வரைக்கும்தான் இந்த அன்பு, அடுத்த வேகமான கால் வரும்வரைக்கும்தான் இந்தச் சலுகை. இனி ஜெயித்தாலும் அவன் நாளைய ஸ்டேசிதான்.

இன்னொரு பாதி கணக்கு வீட்டில் இருக்கிறது. ஓடும்போதெல்லாம் காலினுக்குப் பழையது ஞாபகம் வருகிறது, படம் முன்னும்பின்னுமாகப் போகிறது. அப்பா ஆலைத் தொழிலாளி, நோயில் படுத்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்து வீட்டிலேயே செத்துப்போகிறார். ஆலையிலிருந்தும் இன்ஷூரன்சிலிருந்தும் 500 பவுண்டு வருகிறது. அந்தக் காலத்தில் ஆலையில் வேலைசெய்யும் ஆணுக்கு வாரக்கூலி சராசரியாகப் பதினைந்து பவுண்டு அளவில் இருந்தது. கணக்குப் போட்டால் எட்டு மாசத்துக் கூலிகூட இல்லை, ஆயுள் முழுக்க உழைத்தவருக்கு. அப்பாவின் வேலையிலேயே சேர்ந்துகொள்ளச் சொல்கிறார்கள், காலின் மறுக்கிறான். உழைக்கமாட்டேன் என்று அவன் சொல்லவில்லை. தான் குடல் தெறிக்க உழைத்து முதலாளி லாபம் எடுப்பது பிடிக்கவில்லை என்கிறான். அப்பா போன பாதை எங்கே முடிந்தது என்று கட்டிலில் பார்த்தவன் சொல்கிற வார்த்தை அது.

அம்மா 500 பவுண்டையும் செலவு செய்கிறாள். புதுக் கட்டில், கம்பளம், துணிமணி, டெலிவிஷன். ரிச்சர்ட்சன் இந்தக் கடைக்குப் போகும் காட்சியை விளம்பரப் படம் மாதிரி வெட்டி வெட்டி, வேகமாக ஓட்டிக் காட்டுகிறார். இங்கேதான் எனக்கும் படத்துக்கும் சண்டை. இவர்கள் வசிப்பது ஒட்டுவீட்டில். போர் முடிந்த சமயத்தில் வீடிழந்தவர்களுக்காக, சில வருஷம் தாங்கினால் போதும் என்று தொழிற்சாலையில் பாகம் பாகமாகச் செய்து கொண்டுவந்து பொருத்திய வீடுகள். ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டினார்கள். அறுபதுகளிலும் ஜனங்கள் அவற்றில் குடியிருந்தார்கள். அப்படிப்பட்ட வீட்டில், நோயாளிப் புருஷனையும் நான்கு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் திண்டாடியவள், வாழ்க்கையில் முதல்முறையாகக் கையில் காசு வந்தபோது நல்ல கட்டில் வாங்குகிறாள். அதில் என்ன கேலி இருக்கிறது? கேமரா அவளைக் கொஞ்சம் கீழ்க்கண்ணால் பார்க்கிறது. அவள் உடனே இன்னொரு ஆளை வீட்டுக்குக் கூட்டிவருவதையும் படம் மன்னிப்பதில்லை. மகனுக்கு வலிக்கும், அது நியாயம். ஆனால் படத்துக்கு அவள் பக்கமும் ஒரு நிமிஷம் நின்று பார்க்கும் பொறுமை இருந்திருக்கலாம். எவிஸ் பன்னேஜ் என்ற அருமையான நடிகை, கிடைத்த இடத்திலெல்லாம் அந்தக் களைப்பை முகத்தில் காட்டிவிடுகிறார். அதனால்தான் அந்தப் பாத்திரம் பிழைத்தது.

அம்மா காலினுக்கும் கொஞ்சம் பணம் கொடுக்கிறாள். அவன் அப்பாவின் படத்துக்கு முன்னால் போய் நின்று, ஒரு நோட்டைத் தீக்குச்சியில் பற்றவைக்கிறான். ஓரம் கருகிச் சுருளும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறான். அழுவதில்லை, வசனம் பேசுவதில்லை. கோர்ட்னியின் கண்களில் என்ன இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல எனக்கு வரவில்லை. துக்கம் இருக்கிறது, அருவருப்பும் இருக்கிறது. அப்பாவின் உயிருக்குப் போட்ட விலையில் தன் பங்கை அவன் ஏற்கவில்லை என்பது மட்டும் தெளிவு. கடைசி ஓட்டத்தில் அவன் நிற்பது இந்தக் காட்சியிலேயே தொடங்கிவிட்டது. கொடுக்கிற இடம் பார்த்து வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவன் அவன்.

டெலிவிஷன் காட்சியும் உண்டு. ஓர் அரசியல்வாதி பேசிக்கொண்டிருக்கிறார். காலினும் மைக்கும் சத்தத்தை நிறுத்திவிட்டு, வாய் மட்டும் ஆடுவதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். 1957இல் பெட்ஃபோர்டில் பேசிய பிரதமர் ஹெரால்ட் மாக்மில்லன், நம் மக்களில் பெரும்பாலானவர்கள் இவ்வளவு நன்றாக வாழ்ந்ததே கிடையாது என்றார். அந்தப் பேச்சு அந்தக் காலத்தின் முத்திரையாகிவிட்டது. ஓரளவு உண்மையும்கூட; வேலை கிடைத்தது, வீட்டுக்கு வீடு டெலிவிஷன் வந்தது. ஆனால் சாமான் வந்ததே தவிர, யார் யாருக்கு உத்தரவு போடுவது என்பது மாறவில்லை. சத்தத்தை நிறுத்திவிட்டுச் சிரிக்கிற அந்த இரண்டு பையன்களுக்கு இது புரிந்திருக்கிறது. வாதம் செய்து ஜெயிக்க அவர்களிடம் வார்த்தை இல்லை, பொத்தானைத் திருகத் தெரிகிறது.

ஸ்கெக்னஸ் கடற்கரைக்கு இரண்டு பெண்களோடு போகும் பகுதி மெதுவாகப் போகிறது. சின்ன வயசில் தொலைந்துபோகப் பார்த்ததாகவும், யாராலும் தொலைந்துபோக முடியாது என்று சீக்கிரமே தெரிந்துவிட்டதாகவும் ஆட்ரியிடம் காலின் சொல்வதற்காகவே பொறுத்துக்கொள்ளலாம். பேக்கரித் திருட்டு வேறு ரகம். திருடிய பணத்தை வீட்டு வாசலில் மழைநீர் இறங்கும் குழாய்க்குள் ஒளித்துவைக்கிறான். துப்பறியும் போலீஸ்காரர் திரும்பத் திரும்ப வருகிறார், தேடுகிறார், ஒன்றும் கிடைப்பதில்லை. ஒருநாள் கொட்டுகிற மழையில் வாசலிலேயே நின்று பேசிக்கொண்டிருக்கும்போது, குழாயின் கீழ்வாயிலிருந்து நோட்டு ஒவ்வொன்றாக நழுவிக் காலடியில் வந்து விழுகிறது. காலின் கண் அங்கே போகிறது, போலீஸ்காரர் இன்னும் கவனிக்கவில்லை, நமக்கு மூச்சு நிற்கிறது. படத்துக்கு மூலமான ஆலன் சில்லிட்டோவின் கதையிலேயே உள்ள காட்சி இது. யாரும் காட்டிக்கொடுக்கவில்லை, மழைதான் காட்டிக்கொடுத்தது.

சில்லிட்டோ இந்தக் கதையை 1959இல் வெளியிட்டார், படத்துக்குத் திரைக்கதையும் அவரே. நாட்டிங்ஹாமில் பிறந்தவர், பதினான்கு வயசில் படிப்பை விட்டுவிட்டு ராலே சைக்கிள் ஆலையில் வேலைக்குப் போனவர். விமானப் படையில் சேர்ந்து மலாயாவுக்குப் போய், காசநோயோடு திரும்பி, ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்த காலத்தில்தான் வெறியோடு படித்தார். கோர்ட்னி ஹல் துறைமுகத்தில் மீன்பிடிக் கப்பல்களுக்குப் பெயிண்ட் அடித்த தொழிலாளியின் மகன். ரான்லி பள்ளியின் ஓட்டக்காரனாக வரும் ஜேம்ஸ் ஃபாக்ஸ் நிஜமாகவே ஹாரோ என்கிற மேல்தட்டுப் பள்ளியில் படித்தவர். கேமராவைப் பிடித்த லாசலி பெர்லினில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பிவந்த குடும்பத்துப் பிள்ளை. கோட்டில் நிற்கும் இரண்டு முகங்களில் தெரியும் வித்தியாசம் மேக்கப்பில் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

போட்டிக்குக் கொஞ்சம் முன்னால் மைக்கும் பிடிபட்டு அதே போர்ஸ்டலுக்கு வருகிறான். காலினின் சலுகைகளைப் பார்த்துவிட்டு, நீ யார் பக்கம் என்று கேட்கிறான். வேறு யார் கேட்டிருந்தாலும் காலினுக்கு உறைத்திருக்காது. குழாய்க்குள் சேர்ந்து பணம் ஒளித்தவன் கேட்கிறான்.

நான் படித்த பள்ளியில் ஒரு நண்பன் 1500 மீட்டர் ஓடுவான். செருப்பில்லாமல் ஓடி மாவட்ட அளவில் ஜெயித்தவன். கோப்பை தலைமையாசிரியர் அறையில் கண்ணாடி அலமாரிக்குள் போனது; அதில் பள்ளியின் பெயர்தான் பொறித்திருந்தது. ஆண்டுவிழா மேடையில் தாளாளர் அவன் தோளில் கைபோட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார். அதே வருஷம் பீஸ் கட்டவில்லை என்று அவனை வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தார்கள். அவன் கோபப்பட்டதாக எனக்கு ஞாபகமில்லை. வெளியே நின்றபடியே ஜன்னல் வழியாகக் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தான். நான் இந்தப் படத்தைப் பார்த்தது பல வருஷம் கழித்து. ரெட்கிரேவ் காலினின் தோளைத் தட்டிப் பேசும்போது எனக்கு அந்த மேடைதான் ஞாபகம் வந்தது. ஜெயித்துவிட்டு எதிர்த்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஜெயித்த நிமிஷமே வெற்றி கைமாறிவிடுகிறது. கோப்பை ஆளுநரின் அறைக்குப் போகும். விளையாட்டு பையன்களைத் திருத்தும் என்ற அவர் கொள்கைக்குக் காலினே அத்தாட்சியாகிவிடுவான். அதற்குப் பிறகு நாலு வார்த்தை திட்டினாலும், நன்றிகெட்டவன் என்று முடித்துவிடுவார்கள்.

போட்டி நாள். ரான்லிப் பையன்கள் வந்து இறங்குகிறார்கள். உடைமாற்றும் அறையில் இரண்டு பக்கத்துப் பையன்களும் தயங்கித் தயங்கிப் பேச்சுக்கொடுக்கிறார்கள். கட்டுப்பாடுகளைப் பற்றிப் பேசும்போது இரண்டு இடமும் அவ்வளவு வித்தியாசமில்லை என்று தெரிகிறது. அந்தப் பையன்கள் மேல் படத்துக்குக் கோபமில்லை, காலினுக்கும் இல்லை. இதை முக்கியமாகச் சொல்லவேண்டும். வர்க்கக் கோபத்தைக் காட்டும் படங்கள் பலவற்றில் எதிரில் நிற்கும் பணக்காரப் பிள்ளை அயோக்கியனாக இருப்பான், அடித்தால் நமக்குச் சந்தோஷமாக இருக்கும். இங்கே ஃபாக்ஸ் மரியாதையான பையன். ஓட்டம் தொடங்கும்முன் கைகுலுக்குகிறான். அவன்மேல் காலினுக்குப் பொறாமை கிடையாது. அவனை முந்தவேண்டும் என்ற வெறியும் கிடையாது. காடு வழியாகப் போகும்போது சுலபமாக முந்திவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறான்.

கடைசி நீட்டத்தில் அவன் தலைக்குள் எல்லாம் வந்து மோதுகிறது. செத்துக்கிடக்கும் அப்பா, அம்மா, போலீஸ்காரர், ஆட்ரி, மைக்கின் கேள்வி, ஆளுநரின் குரல், எல்லாம் துண்டு துண்டாக, வேகம் கூடிக்கூடி வருகிறது. கூட்டம் கத்துகிறது. அப்புறம் கால்கள் தளர்கின்றன. நின்றுவிட்டான். மூச்சு வாங்குகிறது. ஓடு, ஓடு என்று கத்துகிறார்கள், அவன் கட்சிப் பையன்களும் கத்துகிறார்கள். ஆளுநரைப் பார்க்கிறான். அவன் உதட்டோரத்தில் வரும் அந்தச் சிரிப்பில் வெற்றிக் களிப்பு இல்லை. நீயும் நானும் இப்போது ஒருவரையொருவர் சரியாகப் பார்க்கிறோம் என்கிற மாதிரி ஒரு பார்வை. ரெட்கிரேவின் முகம் மெல்ல இறுகுவதை இப்போது கவனிக்கவேண்டும். அவருக்கு முதலில் புரியவில்லை, பிறகு புரிகிறது, புரிந்ததும் வயசு கூடிவிடுகிறது. பின்னால் வந்த ஃபாக்ஸ் தாண்டிப் போகிறான்.

இதற்கான விலையையும் படம் மறைக்கவில்லை. காலின் பழையபடி பட்டறைக்கு வந்துவிடுகிறான். மேசைமேல் விஷவாயு முகமூடிகள், அவற்றைப் பிரித்துப்போடுவது வேலை. ஆளுநர் அந்தப் பக்கம் வருகிறார், அவனைப் பார்ப்பதில்லை. காலையில் வேலிக்கு வெளியே ஓடும் ஓட்டம் போனது. வெளியே போகும் நாளும் தள்ளிப்போகும். எதுவும் மாறவில்லை, போர்ஸ்டல் அப்படியேதான் இருக்கிறது. தனி ஒருவன் நிற்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்டால், சரி, ஒன்றும் ஆகாது. ஆனால் அவனிடம் இருந்தது இரண்டு கால்கள் மட்டும். அவற்றை யாருக்குக் கொடுப்பது என்பதை அவனே முடிவுசெய்தான். அமெரிக்காவில் இந்தப் படத்தை ‘ரெபல் வித் எ காஸ்’, அதாவது காரணத்தோடு கலகம் செய்பவன், என்று வேறு பெயரிலும் ஓட்டினார்கள். காரணம் இருக்கிறது என்று தலைப்பிலேயே சொல்லவேண்டியிருந்தது போலும்.

படத்தில் குறை இருக்கிறது. வேகமாக ஓட்டிக் காட்டும் துரத்தல் காட்சிகள் அன்றைய மோஸ்தர், இன்று துருத்திக்கொண்டு நிற்கின்றன. பெண்களுக்குப் பேச வாய்ப்பே கொடுக்கவில்லை. இருந்தாலும் கோர்ட்னியின் முகத்துக்கு இன்றும் வயசாகவில்லை.

பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. படத்தை முதலில் பாருங்கள், கதையை அப்புறம் படியுங்கள். கதையில் காலினே பேசுகிறான், தோற்கப்போகிறேன் என்று ஆரம்பத்திலேயே நம்மிடம் சொல்லிவிட்டுத்தான் ஓடத் தொடங்குகிறான். அங்கே நமக்கு வேலை அவன் கோபத்தோடு கூட ஓடுவது. படமோ அவன் முடிவைக் கடைசி நிமிஷம்வரை மூடிவைத்திருக்கிறது, அதுவரை நாமும் அந்த மைதானத்துக் கூட்டத்தோடு சேர்ந்து அவன் ஜெயிக்கவேண்டும் என்றே ஆசைப்படுகிறோம். அவன் நிற்கும்போது ஆளுநருக்கு விழும் அடியில் நமக்கும் ஒரு பங்கு விழுகிறது. கதையை முதலில் படித்துவிட்டால் அது கிடைக்காது.